குடத்துக்குள் எத்தனை ஓலை?



உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளி மாணவி எங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பூமியைத் தவிர வேறு எங்காவது உயிர் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கிறார். இந்தக் கேள்வியைப் பேச உத்திரமேரூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள், ஊர் நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35க்குக் குறையாமல் 70ஐத் தாண்டாமல் என்று தகுதிகளும் கறாராக இருந்தன.

விஞ்ஞானிகளும் கோள்களுக்குத் தகுதி வைத்திருக்கிறார்கள். நீர் உறையாமலும் ஆவியாகிவிடாமலும் இருக்கும் தூரம், காற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் நிறை, நெடுங்காலம் நிதானமாக எரியும் விண்மீன். சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் கோள் 1995இல்தான் தெரியவந்தது. இன்று சூரிய மண்டலத்துக்கு வெளியே உறுதிசெய்யப்பட்ட கோள்கள் 6,000க்கு மேல். ஆக, குடத்தில் ஓலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதுவரை நாம் முழுதாகப் படித்த ஓலை ஒன்றே ஒன்று. அதையும் அந்தச் சிறுவன் எடுத்துத் தரவில்லை. உயிரில்லாத கோளில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருக்க மாட்டார்கள் அல்லவா? நம் பெயர் எழுதிய ஓலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் மற்ற ஓலைகளைப் பற்றிப் பேசுகிறோம். பூமியில் உயிர் இருப்பதாலேயே மற்ற இடங்களிலும் இருக்கும் என்ற வாதம் அதனால்தான் நிற்காது.

வேறு சாட்சிகள் வேண்டும். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு வேதியியலுக்குப் போன இலங்கையர் சிரில் பொன்னம்பெரும, நாசாவில் தன் குழுவுடன் அதை ஆராய்ந்தார். பூமிக்கு வெளியே உருவான அமினோ அமிலங்கள் அதில் இருப்பதாக 1970இல் அறிவித்தார்கள். 2023இல் பென்னு என்ற சிறுகோளிலிருந்து கொண்டுவந்த மண்ணிலும், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 கிடைத்தன. மூலப்பொருள் எங்கும் இருக்கிறது.

காலக்கணக்கும் ஒன்று சொல்கிறது. பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நுண்ணுயிர்கள் இருந்தன. கண்ணுக்குத் தெரியும் விலங்குகள் வந்ததோ சுமார் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், நுண்ணுயிர் பல உலகங்களில் இருக்கும், நம்மோடு பேசக்கூடிய உயிர் மிக அரிது என்பதே என் எண்ணம்.

கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதன் குழு, 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளில் டைமெத்தில் சல்பைடின் தடயம் தெரிவதாக 2025 ஏப்ரலில் சொன்னது. இங்கே அந்த வாயுவைப் பெரும்பாலும் கடலின் நுண்பாசிகள்தான் உண்டாக்குகின்றன. சான்று போதாது என்று மற்ற ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். பொறுத்திருப்பதே சரி.

என் நம்பிக்கை அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. வியாழனின் நிலா யுரோப்பாவின் பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில் பூமியின் எல்லாக் கடல்களையும் விட அதிக நீர் இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். செவ்வாயில் உயிர் கிடைத்தால், பூமியிலிருந்து தெறித்த கல்லோடு அது போயிருக்குமோ என்ற சந்தேகம் வரும். யுரோப்பா விஷயத்தில் அந்தச் சந்தேகம் மிகக் குறைவு. அங்கே ஒரே ஒரு நுண்ணுயிர் தனியாகத் தோன்றியிருந்தாலும் நமக்கு இரண்டாவது ஓலை கிடைத்துவிடும். ஒரே சூரியனைச் சுற்றி இரண்டு முறை நடந்தது, கோடானுகோடி சூரியன்களில் நடக்காமல் இருக்குமா? 2024 அக்டோபரில் கிளம்பிய யுரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனைச் சென்றடையும். உயிரை நேரடியாகத் தேடுவது அதன் வேலை இல்லை. அந்தக் கடல் உயிர் வாழத் தக்கதா என்று பார்ப்பதே வேலை.

வியாழன் தெரியும் மாதங்களில், பள்ளியில் சிறிய தொலைநோக்கி இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். வியாழனை ஒட்டி நான்கு நிலாக்கள் வரை தெரியும், அவற்றில் ஒன்று யுரோப்பா. இரவுக்கு இரவு அவை இடம் மாறுவதைத் தாளில் வரைந்து அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்