வடிக்குமுன் சிந்தியுங்கள்

சென்ற தீபாவளிக்கு என் பழைய மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். நகரில் சிறு பீர் ஆலை ஒன்று தொடங்கி, வடித்ததை அங்கேயே ஊற்றிக் கொடுக்கப் போவதாகவும், என் வாழ்த்து வேண்டுமென்றும் கேட்டார். "இது கள்ளுக்கடையன்று ஐயா, கைவினைத் தொழில்" என்றார். அவருக்கு நான் சொன்னவற்றையே நம் இளைஞர் அனைவருக்கும் சொல்ல விழைகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் ஆகிய நான்கும் கொப்பரையில் இட்டவுடன் காசாகிவிடுவதில்லை. நொதித்து முதிர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிறிது தூய்மைக்கேடு புகுந்தாலும் கொப்பரை முழுவதும் சாக்கடைக்கே. 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். 2016 மார்ச்சில், பீரிலுள்ள தூய சாராயத்துக்கு லிட்டருக்கு 175 வெள்ளி என வரி விதிக்கப்பட்டது. அந்தக் கணக்கில், நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயமுள்ள ஒரு லிட்டர் பீருக்கு வரி மட்டுமே 8 வெள்ளி 75 காசு. வாடகையும் கூலியும் மின்கட்டணமும் அதற்கு மேல். பேரளவில் வடிக்கும் இரு பெரிய ஆலைகளோடு விலையில் போட்டியிடவும் இயலாது.

இக்கணக்கு எங்கே கொண்டுபோய் விடும்? வாரம் ஒரு கோப்பை அருந்தி எழுந்து போகும் நாகரிகரை நம்பி இக்கடை நில்லாது. நாள்தோறும் வருபவனும், இரண்டாவது கோப்பையோடு நிறுத்தத் தெரியாதவனுமே இதற்கு அச்சாணி!

"ஔவைக்கு அதியமான் கள் அளிக்கவில்லையா?" என்று கேட்டார். அளித்தான், விலை பேசவில்லை. அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார்.

தோட்டத்துக் கள்ளுக்கடைகளும் உரிமத்தோடு நடந்தவையே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தனர். காவல்துறையோடு நேர்ந்த மோதலில் உயிரும் போயிற்று. கல்வி வாய்ப்பற்ற நம் பாட்டன்மார் கண்ட உண்மை, பட்டம் பெற்ற பேரனின் கண்ணுக்குப் படாதா?

2017 டிசம்பரில் மது வாங்கும் வயதை 18இலிருந்து 21ஆக அரசு உயர்த்தியது. நன்று. ஆனால் மகனின் வயதைப் பார்க்கும் சட்டம், தந்தையின் சம்பளப் பையைப் பார்ப்பதில்லை. பயிற்சி நூல் வாங்கப் பணமில்லை என்று தலைகுனிந்த மாணவனின் வீட்டுக்குச் சென்று, பின்கட்டில் அடுக்கியிருந்த வெற்றுப் புட்டிகளைக் கண்டவன் நான். அவை கள்ளுப் புட்டிகள் அல்ல, பீர்ப் புட்டிகள்.

தமிழன் தொழில் தொடங்க வேண்டும். முதலாளியாக உயரவும் வேண்டும். அதில் எனக்குக் கருத்து வேற்றுமையில்லை. ஆயினும் வங்கியின் வாயிலை மிதிக்குமுன், சம்பள நாளன்று கணவனை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் பெண்ணொருத்தியிடம், "அம்மா, நான் கடை திறக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் சம்மதித்தால் என் வாழ்த்தும் உண்டு.