ரேடியேட்டரும் ரிசப்ஷனும்

மு.கு: எந்த பைக் வாங்கலாம்னு கேட்டு வந்தவங்க மன்னிக்கணும். இது அந்தப் பதிவு இல்ல. அதுக்கு யூடியூப்ல நிறைய பேர் தொண்டை கிழிய கத்திக்கிட்டு இருக்காங்க, அங்க போயிடுங்க :-)

பைக்னு பேச்செடுத்தாலே "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா சார்"னு ஆரம்பிக்கிற கூட்டம் ஒண்ணு உண்டு. நான் அந்தக் கட்சியில இல்ல. லிக்விட் கூலிங் நல்ல விஷயம், வரவேண்டிய விஷயம், நம்ம ஊருக்கு லேட்டாத்தான் வந்தது. எனக்கு இருக்குற மனக்குறை வேற. இஞ்சினுக்குள்ள தண்ணி வந்த அதே சமயத்துல, வண்டியைப் பத்தின விவரம் எல்லாம் தெருவுல இருந்து கிளம்பி டீலர்கிட்ட போய் உட்கார்ந்துடுச்சு. அந்த டீலரோ பட்டறைங்கிற வேலையை ரெண்டாம்பட்சமா ஆக்கிட்டு, ஏ.சி. போட்டு காபி கொடுக்குற இடமா மாறிட்டாரு. நடுவுல வண்டி ஓட்டுறவன் நிக்கிறான்.

முதல்ல சூடு பத்திக் கொஞ்சம். பெட்ரோல்ல இருக்குற சக்தியில நாலுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுது. மிச்சமெல்லாம் சூடு. அதுல ஒரு பகுதி சைலன்ஸர் வழியா போயிடும். இன்னொரு பகுதி சிலிண்டர் சுவர்லயும் ஹெட்லயும் ஏறி உட்காரும். உள்ள எரியுற வாயு ஒரு கணத்துக்கு 2000 டிகிரியைத் தாண்டுது. அலுமினியம் 660 டிகிரியிலயே உருகிடும். அப்ப பிஸ்டன் உருகாம ஓடுறதே அந்தச் சூட்டை நொடிக்கு நொடி வெளியே கடத்துறதாலதான்.

புல்லட், ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ்100 எல்லாத்துலயும் இதைச் செஞ்சது இஞ்சினைச் சுத்தி அடுக்கடுக்கா இருக்குற ஃபின். காத்து பட்டா ஆறும். ஆனா காத்து படணுமே? கோயம்பேடு சிக்னல்ல மே மாசம் மத்தியானம் நிக்கிறப்ப காத்துக்கு எங்க போறது? ஃபின் வச்ச இஞ்சின் காலையில ஒரு சூட்டுல இருக்கும், ஹைவேல ஒரு சூடு, டிராஃபிக்ல இன்னொரு சூடு. எல்லாத்துக்கும் தாங்கணும்னு பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இடைவெளியைக் கொஞ்சம் தாராளமா விடுவாங்க. அதனால சத்தம், ஆயில் எரியுறது, புகை. லிக்விட் கூலிங்ல தெர்மோஸ்டாட்னு ஒரு சின்ன வால்வு, ரேடியேட்டர்ல ஒரு ஃபேன், ரெண்டும் சேர்ந்து சூட்டை ஒரே அளவுல பிடிச்சு வச்சிடும். இடைவெளியைக் குறைக்கலாம், கம்ப்ரெஷனை ஏத்தலாம், சின்ன இஞ்சின்ல இருந்து பெரிய பவர் எடுக்கலாம். புகைக்கட்டுப்பாடு இறுக இறுக இது தவிர்க்க முடியாததா ஆயிடுச்சு.

நம்ம ஊர்ல பலபேருக்கு இதைப் பழக்கிவிட்டது 2008-ல வந்த யமஹா ஆர்15. 150 சிசி வண்டிக்கு ரேடியேட்டரான்னு ஆச்சரியமா பார்த்தாங்க. 2012-ல கேடிஎம் டியூக் 200, அதே வருஷம் பல்சர் 200 என்எஸ். அதுக்கப்புறம் காலேஜ் வாசல்ல நிக்கிற வண்டில ரேடியேட்டர் இருக்குறது சாதாரணமாச்சு. நம்ம திருவொற்றியூர்ல 1950-கள்ல புல்லட் கட்ட ஆரம்பிச்ச என்ஃபீல்டு மட்டும் அசையல. 2018-ல வந்த 650-க்கும் ஃபின்தான், கூட ஒரு ஆயில் கூலர். கடைசியில 2023-ல ஹிமாலயன் 450-ல அவங்களும் தண்ணிக்கு வந்துட்டாங்க.

(இதுல எனக்குப் பிடிச்ச காமெடி டிரையம்ஃப். 2016-ல இருந்து அவங்க பான்வில் வண்டியெல்லாம் லிக்விட் கூலிங். ஆனா சிலிண்டர்ல ஃபின் அப்படியே இருக்கு, ரேடியேட்டரை முன் ஃப்ரேம் கம்பிகளுக்கு நடுவுல ஒளிச்சு வச்சிருக்காங்க. பஜாஜோட சேர்ந்து 2023-ல விட்ட ஸ்பீட் 400-லயும் அதே கதை. மீசையை எடுத்துட்டு ஒட்டு மீசை வச்ச மாதிரி.)

சரி, மேட்டருக்கு வருவோம்.

காத்துல ஆறுற வண்டிக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. அது எல்லாத்தையும் வெளிய காட்டிடும். ப்ளக்கைக் கழட்டிப் பார்த்தா செங்கல் நிறமா இருந்தா நல்லாருக்கு, கரிப்பிடிச்சிருந்தா பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தா சூடு ஏறுது. இதைத் தெரிஞ்சுக்க யாரும் காலேஜ் போகல. "டேய், பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடு"ன்னு ஆரம்பிச்ச பொடியன் அஞ்சு வருஷத்துல தனியா கடை போட்டான். நான் வளர்ந்த தெருவுல புளியமரத்தடியில இருந்த ஷெட்டுக்கு போர்டு கூட கிடையாது. இஞ்சினைப் பிரிச்சு நியூஸ் பேப்பர் மேல அடுக்கி வச்சு, சாயங்காலத்துக்குள்ள மாட்டிக் கொடுத்துடுவாரு. சாமான் வேணும்னா புதுப்பேட்டை, இல்லன்னா ஜி.பி. ரோடு.

தண்ணி ஓடுற இஞ்சின் அப்படி இல்ல. அது நோயை உள்ள வச்சுக்கும். ஹெட் கேஸ்கெட் போச்சுன்னா கூலன்ட் ஆயிலோட கலந்து, ஆயில் பால் காபி மாதிரி ஆயிடும். வாட்டர் பம்ப் சீல் தேய்ஞ்சா அடியில ஒரு சின்ன ஓட்டை வழியா சொட்டும். அந்த ஓட்டையே அதுக்காகத்தான் வச்சிருக்காங்க. விவரம் தெரியாதவர் அதுக்கு எம்-சீல் வச்சு அடைச்சுட்டா முடிஞ்சது கதை. கூலன்டை மாத்திட்டு உள்ள இருக்குற காத்தை முழுசா வெளியேத்தலன்னா எங்கயாவது ஒரு குமிழி தங்கிடும், அந்த இடம் மட்டும் காயும். கூலன்ட் கம்மியா இருக்குன்னு நம்ம ஊரு போர் தண்ணியை ஊத்தினா, உப்பு படிஞ்சு ரேடியேட்டர் குழாய் அடைச்சுக்கும். வீட்டு ஹீட்டர் காயில்ல வெள்ளையா படியுமே, அதே சங்கதி. சூடா இருக்குறப்ப மூடியைத் திறந்தா முகமே வெந்துடும். உள்ள இருக்குறது பிரஷர்ல அடைஞ்ச, 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்குற திரவம்.

இதெல்லாம் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. ஒரு நாள் சொல்லிக் கொடுத்தா எங்க தெரு மெக்கானிக்குக்குப் பிடிபட்டுடும். ஆனா சொல்லிக் கொடுக்குறது யாரு? சர்வீஸ் மேனுவல் டீலர்கிட்ட. ஸ்கேனர் டீலர்கிட்ட. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்ததும் கார்புரேட்டரும் கிட்டத்தட்ட ஒழிஞ்சுது. மெக்கானிக்கோட ரெண்டு கையையும் ஒரே சமயத்துல கட்டின மாதிரி ஆச்சு. போதாக்குறைக்கு, அங்கீகரிச்ச இடத்துலதான் சர்வீஸ் பண்ணணும், இல்லன்னா வாரன்டி கிடையாதுன்னு ஒரு நிபந்தனை.

சரிப்பா, டீலர்கிட்டயே போவோம். அங்க என்ன நடக்குது?

பழைய டீலர் கடை எப்படி இருக்கும்னு ஞாபகம் இருக்கா? முன்னாடி நாலு வண்டி, பின்னாடியே பட்டறை, எல்லாத்துலயும் கிரீஸ் வாசனை. மெக்கானிக் கையைத் துணியில துடைச்சுக்கிட்டே வந்து பேசுவாரு. இன்னிக்கு ஷோரூம் மெயின் ரோட்டுல, சர்வீஸ் எங்கயோ எஸ்டேட்டுக்குள்ள. ஹோண்டாவுக்கு பிக்விங், யமஹாவுக்கு ப்ளூ ஸ்கொயர், ஹீரோ கூட 2023-ல கோழிக்கோட்டுல பிரிமியான்னு தனிக் கடை ஆரம்பிச்சாச்சு. டி-ஷர்ட், ஹெல்மெட், சோபா எல்லாம் இருக்கு. வண்டி விலையைக் கேட்டா இன்சூரன்ஸ், எக்ஸ்டென்டட் வாரன்டி, கோட்டிங், கிராஷ் கார்டுன்னு ஒரு மைல் நீளத்துக்குப் பட்டியல். சர்வீஸுக்கு விட்டா பேசுறது சர்வீஸ் அட்வைசர். வண்டில கை வைக்கிறவரைப் பார்க்கவே முடியாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பாரு.

போன வருஷம் என் மாமா பையன் வண்டியை எடுக்கக் கூடப் போயிருந்தேன். பில்லுல "கூலன்ட் டாப்-அப்"னு ஒரு வரி. அவன் வண்டி வெறும் ஃபின் வச்ச 125 சிசி. ரேடியேட்டரே கிடையாது! கேட்டா அட்வைசர் தம்பி டேப்லெட்டைப் பார்த்துட்டு சொன்னாரு: "சார், பேக்கேஜ்ல ஆட்டோமேட்டிக்கா வருது." பணத்தைக் கழிச்சுட்டாங்க, அது பிரச்னை இல்ல. ஆனா அந்தத் தம்பிக்கு அது ஏன் தப்புன்னே புரியல. அவரைத் திட்டி என்ன பண்றது? அவருக்கு மாசக் கடைசியில கேக்குற கணக்கு எத்தனை வண்டி, எத்தனை பேக்கேஜ்னுதான். தண்ணி எங்க ஓடுதுன்னு அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல.

டீலர் பக்கத்து நியாயமும் இருக்கு. வண்டி விக்கிறதுல கிடைக்கிற மார்ஜின் ஒல்லி, அதனாலதான் இன்சூரன்ஸ் பின்னாடி ஓடுறாங்க. 2020 செப்டம்பர்ல ஹார்லி டேவிட்சன் இந்தியாவுல கடையைக் கட்டுறோம்னு அறிவிச்சப்ப, கோடிக்கணக்குல போட்டு ஷோரூம் கட்டின டீலர்கள் நடுத்தெருவுல நின்னாங்க. அப்புறம் ஹீரோவோட கைகோர்த்து திரும்பி வந்தது வேற விஷயம். கம்பெனி சொல்ற டைல்ஸ், கம்பெனி சொல்ற சோபா, எல்லாம் டீலர் காசு. ஆன்லைன்லயே விப்போம்னு 2021-ல கிளம்பின ஓலாவும் பின்னாடி ஊர் ஊரா கடை திறக்க வேண்டி வந்துச்சு. ஏன்னா வண்டின்னா ரிப்பேர் ஆகும், ரிப்பேர் ஆனா ஒரு மனுஷன் வேணும். அந்த மனுஷனுக்கான இடம்தான் ஷோரூம் பிளான்ல சுருங்கிக்கிட்டே போகுது.

என் கோரிக்கை பெருசா ஒண்ணும் இல்ல. சர்வீஸ் மேனுவலையும் ஸ்கேனரையும் நியாயமான விலைக்கு வெளி மெக்கானிக்குக்கும் கொடுங்க. இது ஏதோ நடக்காத காரியம் இல்ல. ஐரோப்பிய யூனியன்ல 168/2013-னு ஒரு விதிமுறை இருக்கு. பைக் கம்பெனிகள் ரிப்பேர் தகவலை டீலர் அல்லாத மெக்கானிக்குக்கும் கொடுத்தே ஆகணும். புனே பக்கத்துல சாக்கன்ல தயாராகி ஏற்றுமதியாகுற டியூக்குக்கும் அது பொருந்தும். அதாவது, நம்ம ஊர்ல செஞ்ச வண்டியைப் பத்தி ஜெர்மனியில கடை வச்சிருக்கிறவர் உரிமையோட கேட்டு வாங்கலாம், சாக்கன்லயே கடை வச்சிருக்கிறவரால முடியாது! இங்க மத்திய அரசு 2022 ஜூலைல ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு கமிட்டி போட்டது, அந்த டிசம்பர் 24-ல ஒரு போர்ட்டலும் திறந்தாங்க. வாகனங்களும் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஆனா போர்ட்டல் வேற, சட்டம் வேற. கம்பெனி இஷ்டப்பட்டாத் தகவல் போடும், அவ்ளோதான்.

அதுவரைக்கும் நான் பண்றது: சர்வீஸ் விடுறப்ப மெக்கானிக்கைப் பார்க்கணும்னு அடம்பிடிக்கிறேன். பாதி நேரம் விடுறாங்க. கூலன்ட் மாத்தினா எந்தத் தேதி, எந்த கூலன்ட், காத்து எடுத்தாங்களான்னு ஜாப் கார்டுல எழுதி வாங்குறேன். எங்க தெரு மெக்கானிக் இப்பல்லாம் யூடியூப்ல இந்தோனேஷியாக்காரன் வீடியோ பார்த்து ஆர்15-ஐப் பிரிக்கிறாரு. பாஷை புரியாது, கை புரியுது. கூலன்ட் வாங்குறப்ப மட்டும் எனக்கு போன் போட்டு "தம்பி, இந்தப் பச்சையா அந்த நீலமா"ன்னு கேப்பாரு. "கலரைப் பார்க்காதீங்கண்ணே, புக்குல என்ன போட்டிருக்குன்னு பாருங்க"ன்னு சொல்வேன். எந்த புக்குன்னு கேட்டா என்கிட்ட இருக்குற ஓனர்ஸ் மேனுவலை வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்புறேன்.

உங்க ஊர்ல நிலவரம் எப்படி மக்களே? ரேடியேட்டர் வண்டியைத் தைரியமா பிரிக்கிற வெளி மெக்கானிக் இருக்காங்களா, அவங்க எங்க கத்துக்கிட்டாங்க? தெரிஞ்சவங்க எழுதுங்க, குறிப்பா மதுரை, நாகர்கோவில் பக்கத்து ஆளுங்க.