அளக்குமுன் கொடுங்கள்

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் ஏழை மக்களுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது. 1960இல் சுயமொழிப் போதனை கலைப்பீடத்தையும் எட்டியது. ஆங்கிலப் பூட்டு உடைந்ததெனப் பலர் மகிழ்ந்தனர். பூட்டு இடம் மாறியதேயன்றி உடையவில்லை.

ஆலையடிவேம்பில் வயலை நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளை தமிழ் மூலம் உயர்தரம் கற்கிறது. பொது ஆங்கிலத் தாளின் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியிற் சேராது. ஆகவே அதைக் கற்பிக்க ஆசிரியர் இல்லாவிடினும் எவரும் பதறுவதில்லை. அனுமதி பெற்றபின்னரோ மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே போதிக்கப்படுகின்றன. வெளிநாட்டிற் பயில விரும்பினால் ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சை குறுக்கே நிற்கிறது. பெருங்கட்டணம் செலுத்திப் பெற்ற பெறுபேறும் ஈராண்டிற் காலாவதியாகிறது.

"எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், அநீதி எங்கே?" எனக் கேட்கும் கனவான்களுக்கு நாம் கூறுவது இது: கொழும்பில் வீட்டுமொழியாக ஆங்கிலம் பேசி வளர்ந்தவனையும், ஆங்கில ஆசிரியரையே காணாதவளையும் ஒரே கோட்டில் நிறுத்துவது சமத்துவமாகாது. அப்பரீட்சை அவளுக்கு வாய்த்த பாடசாலையையே அளக்கிறது. தண்டனை மட்டும் அவளுக்கு! சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என அழைப்பதன் பொருள் இதுவே.

ஆங்கிலத்தைத் துரத்துமாறு நாம் கோரவில்லை. துரத்தினால் வசதியுள்ளோர் அதைப் பணங்கொடுத்துக் கற்பர், ஏழைகளே இழப்பர். ஒவ்வொரு கிராமப் பாடசாலைக்கும் பயிற்றப்பட்ட ஆங்கில ஆசிரியர் வேண்டும். பல்கலைக்கழகப் பாடநூல்கள் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். அதன்பின் அளக்கட்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமின்றி இக்கோரிக்கையை எழுப்புவோம். வாள் சிலர் கையில் மட்டும் இருக்கும்வரை இலவசக் கல்வி முழுமை பெறாது.