கிருபை யாருடைய தனிச்சொத்து?

மற்ற மதங்களில் மனிதன் கடவுளைத் தேடிப் போகிறான், கிறிஸ்தவத்தில் மட்டும் கடவுள் மனிதனைத் தேடி வந்தார் என்பது நற்செய்திக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. மற்றவை கிரியையின் மதங்கள், கிருபையின் மதம் இது ஒன்றே என்று விளக்கமும் உடன் வரும். கேட்க அழகுதான், உண்மை இல்லை.

சொல்பவர்கள் ஸ்ரீரங்கம்வரை போனாலே போதும். எந்தக் காரணமும் பாராமல் இறைவன் தானே அருள்கிறான் என்று வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் நிலைநாட்டினார். தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகும், குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பது வைணவத்தின் தென்கலைப் பிரிவு. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளவாவது வேண்டாமா என்பது வடகலைப் பிரிவு. கிறிஸ்தவத்துக்குள் 5ஆம் நூற்றாண்டில் அகஸ்டினும் பெலாஜியஸும் பிரிந்ததும், 16ஆம் நூற்றாண்டில் லூத்தரும் ரோமத் திருச்சபையும் பிரிந்ததும் இதற்கு நெருக்கமான கேள்வியில்தான்.

ஜப்பானில் பௌத்த ஆசான் ஷின்ரான் (1173–1263) இன்னும் துணிந்து பேசினார். சொந்தப் புண்ணியத்தை நம்புகிறவனைவிட, கடைத்தேற்றுவேன் என்ற அமிதா புத்தரின் சபதத்தையே கதியென்று பற்றும் பாவிக்கு மீட்பு அருகில் என்றார். பிற்காலத்தில் அங்கே போன இயேசு சபையார் இதில் லூத்தரின் சாயலைக் கண்டு திகைத்தார்கள். கிறிஸ்தவ இறையியலாளர் கார்ல் பார்த் இந்த ஒற்றுமையை மழுப்பவில்லை; முடிவான வேறுபாடு இயேசு கிறிஸ்து என்ற பெயரில் மட்டுமே என்று எழுதினார்.

இஸ்லாமும் விலக்கல்ல. எவருடைய செயலும் அவரைச் சொர்க்கத்தில் சேர்க்காது, இறைவனின் கருணை சூழ்ந்தாலொழிய தன்னுடையதும் சேர்க்காது என்று நபிகள் சொன்னதாகப் புகாரி, முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. கிறிஸ்தவத்திலோ, கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் நிருபம் கண்டிக்கிறது. மத்தேயு 25இல் தீர்ப்பு, பசித்தவனுக்குச் சோறிட்டாயா என்பதைப் பார்த்தே அமைகிறது. அருளும் செயலும் ஒவ்வொரு மதத்துக்குள்ளும் நடக்கும் வழக்கு. மதங்களுக்கு நடுவே போட்ட வேலி அல்ல.

அப்படியானால் எல்லா மதமும் ஒன்றா? அதுவும் சோம்பேறிப் பேச்சு. அமிதா உலகைப் படைத்தவர் அல்லர். வைணவத்தில் அவதாரங்கள் பல. இயேசு சிலுவையில் கொல்லப்படவில்லை என்கிறது குர்ஆன் (4:157). கிறிஸ்தவமோ, கடவுள் ஒரே ஒருமுறை மனிதரானார், பொந்தியு பிலாத்து ஆண்ட நாளில் கொல்லப்பட்டார், உயிர்த்தெழுந்தார் என்கிறது. அந்த ஆளுநரின் பெயரை விசுவாசப் பிரமாணத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. கிறிஸ்து எழவில்லையென்றால் நம் விசுவாசம் வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு வெளிப்படையாகவே எழுதினார். வேறுபாடு இங்கேதான்: நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியில்.

அதை நிறுவுவது கடினம். பக்கத்து வீட்டுக்காரனுக்கு அருள் தெரியாது என்று சொல்வது சுலபம். சுலபமானதைச் சொல்லும் பிரசங்கியார் அண்டை மதத்தைக் குறைத்துப் பேசுவதோடு, பவுல் பணயம் வைத்ததையும் பேசாமல் விட்டுவிடுகிறார்.