கனம் காப்பாகாது

கண்டியின் மலைப்பாதைகளில் ஓடும் கெப் வாகனத்தின் பழைய பம்பரைக் கழற்றித் தடித்த இரும்பு பம்பரைப் பூட்டுவதே பாதுகாப்பு என்னும் வாதம், வாகனம் நசுங்காதிருப்பதையும் உள்ளிருப்பவர் பிழைப்பதையும் ஒன்றெனக் கொள்ளும் பிழையிலிருந்து பிறக்கிறது. மோதலின் ஆற்றலை உள்வாங்கித் தானே மடியும் முன்பகுதி 'நசுங்கு வலயம்' எனப்படும்; அடிச்சட்டத்தோடு நேரே இறுக்கப்படும் வளையாத இரும்பு, அவ்வலயத்தைச் செயலிழக்கச் செய்து அதிர்ச்சியை உள்ளே கடத்துவதோடு, காற்றுப்பை விரியும் தருணத்தைக் கணிக்கும் உணரிகளையும் குழப்பக்கூடும்.

இந்திய ஒன்றிய அரசு 2017 டிசம்பரில் 'புல் பார்' எனப்படும் முன்தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களைப் பணித்தபோது, பயணிகளுக்கு மட்டுமன்றிப் பாதசாரிகளுக்கும் அவை விளைவிக்கும் ஆபத்தையே காரணமாகக் காட்டியது. நெரிசல் மிகுந்த தலதா வீதிக்கு அக்காரணம் முழுமையாகப் பொருந்தும். முன்அச்சுக்கு அப்பால் ஏறும் கூடுதல் எடை, கடுகண்ணாவ இறக்கத்தில் பிரேக்கின் சுமையையும் பெருக்குகிறது.

இதே எச்சரிக்கை பக்கப்படிகளுக்கும் பொருந்தும். அவை முதியோர் ஏறியிறங்க உதவுவது உண்மையே; ஆயினும் வெறும் உடற்தகட்டில் பூட்டப்பட்ட படி உறுதியற்றது, தாழத் தொங்கும் படியோ வாகனத்தின் அடிப்பகுதிக்கும் நிலத்துக்கும் உள்ள 'தரை இடைவெளி'யைக் குறைத்து, நக்கிள்ஸ் அடிவாரக் கற்பாதைகளில் முதலில் அடிபடுகிறது.

ஆகவே வாங்குவோர் கேட்க வேண்டியது இரும்பின் தடிப்பை அன்று; பூட்டும் பாகம் தம் வாகன வகைக்கென வடிவமைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டதா என்பதையே.