பாவையும் பெட்டியும்

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை, புனித அந்தோனியார் திருத்தலத்தாற் பெயர்பெற்ற பழைய கத்தோலிக்கக் கிராமமாகும். அங்குத் திருச்சொரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றும் தாய், தன் மகளின் கைப்பாவைக்கு மெழுகுதிரி ஏற்றுவதில்லை. இரண்டும் உருவங்களே; பயனே வேறு. இவ்வெளிய வேறுபாட்டை, பொம்மை இஸ்லாத்தில் ஆகுமா என வாதிடுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

உருவம் அமைப்போரைக் கண்டிக்கும் ஹதீஸ்களைக் காட்டி, பொம்மை யாவும் ஹறாம் என்பர் ஒரு சாரார். ஆயின், ஆயிஷா (றழி) அவர்கள் பாவைகளுடன் விளையாடியமையைப் புகாரி கிரந்தம் பதிவுசெய்கின்றது. அபூதாவூதின் அறிவிப்பிலோ, துணிச் சிறகுகள் கொண்ட குதிரைப் பொம்மையொன்றைப் பற்றி நபிகளார் (ஸல்) வினவுகின்றார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என அவர் விடையிறுக்க, நபிகளார் சிரிக்கின்றார்கள். இச்சலுகை பின்னர் நீக்கப்பட்டது என்பாரும் உளர். அந்நிகழ்ச்சி தபூக் அல்லது கைபர் போரிலிருந்து மீண்டபோது நிகழ்ந்ததென அவ்வறிவிப்பே கூறுகின்றது. இரண்டும் மதீனா வாழ்வின் பிற்பகுதிக்குரியவை. எனவே அவ்வாதம் வலுவிழக்கின்றது.

ஆனால், குழந்தைக்குக் கிடைத்த இவ்வனுமதியை வளர்ந்தோர் தமதாக்கிக்கொள்வது எவ்வாறு பொருந்தும்? உருவந் தீட்டிய திரை தொங்கியபோது நபிகளார் வெறுத்தார்கள். அதுவே கிழிக்கப்பட்டுச் சாய்மெத்தையானபோது ஏற்றார்கள். பயனே இங்கும் அளவுகோல். பிள்ளையின் கையில் அழுக்கேறும் பாவை ஒன்று. கண்ணாடி அலுமாரியிலே, எவர் கையும் படாது, விலையேற்றத்துக்குக் காத்திருக்கும் பாவை மற்றொன்று. 2025 யூன் மாதத்திலே ஆளுயர லபூபு பொம்மையொன்று பெய்ஜிங் ஏலத்தில் 10 இலட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு விலைபோயிற்று. இதனை விளையாட்டு எனல் தகுமா? வீண்விரயம் என்பதே பொருந்தும்.

இதனினும் பெரிது மூடிய பெட்டி வாணிகம். உள்ளிருப்பது எதுவென அறியாமலே பணம் செலுத்தல் வேண்டும். அரிய உருவமோ 72 பெட்டிகளுக்கு ஒன்று என்ற விகிதத்திலேயே அமையும். வெறும் பெட்டி எவருக்கும் கிடைப்பதில்லையே என்பர். உண்மை, ஆயின் மீண்டும் மீண்டும் வாங்கத் தூண்டுவது கிடைத்த பொம்மையன்று, கிடைக்காத பொம்மையே. நிச்சயமற்ற விற்பனையை ஹதீஸும், சூதாட்டத்தைக் குர்ஆனும் விலக்கியுள்ளமை யாவரும் அறிந்ததே.

சிறுமியின் கந்தற் பாவையைப் பறிப்பதிற் காட்டும் வீரத்தை, அப்பெட்டியைத் திறந்து நோக்குவதிற் காட்டுவாராயின், அதுவே மார்க்க அறிவுக்குப் பெருமை சேர்க்கும்.