கையெழுத்து வாங்க மட்டும்தான் நாங்களா?

ஆறு கிழமை நாங்கள் ஒரு பூங்காவுக்காக வேலை செய்தோம். நாங்கள் எண்டால் கலைப்பீடத்தில் படிக்கிற நாலு பேர்: இரண்டு பேர் உரும்பிராய், ஒராள் கோண்டாவில், ஒராள் நீர்வேலி. உள்ளகப் பயிற்சி எண்டு அனுப்பினார்கள். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கிருந்த யாரோ ஒருவரைக் குறை சொன்னதாக முடிந்துவிடும். நாங்கள் சொல்ல வருவது ஒரு பழக்கத்தைப் பற்றி. அது உரும்பிராய் இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

நடந்தது 2024இல். உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்திருந்தது. தேர்தல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. 2025 மே 6 வரைக்கும் நடக்கவில்லை. இரண்டு வருசத்துக்கு மேல் எங்கள் ஊர்களில் மக்கள் தெரிவு செய்த ஒரு உறுப்பினர்கூட இல்லை. அந்த இடைவெளியில்தான் எங்களை அனுப்பி 'மக்களின் கருத்தை அறிந்து வாருங்கள்' என்றார்கள். வேலைக்குப் பெயர் 'சமூக ஈடுபாடு'.

முதல் நாளே சுவரில் பூங்காவின் வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. புல்தரை, நீரூற்று, இன்ரலொக் கல் பதித்த நடைபாதை, வாசலில் பெரிய வளைவு. மதிப்பீடும் போட்டு முடிந்துவிட்டது. எங்கள் கையில் தந்த படிவத்தின் முதல் கேள்வி: 'உங்கள் பகுதிக்குப் பூங்கா தேவையா? ஆம் / இல்லை.' இல்லை என்று யார்தான் சொல்லுவினம்?

வெங்காயத் தோட்டத்துக் கூலிவேலை முடிந்து வந்த ஒரு அக்கா மட்டும் எங்களை மறித்துக் கேட்டா. "பிள்ளையள், போன முறையும் இப்பிடித்தான் ரெண்டு பேர் வந்து எழுதிக்கொண்டு போனவை. அதுக்கு என்ன நடந்தது?" எங்களிடம் பதில் இல்லை. "சரி, எழுதுங்கோ. லைற் போடச் சொல்லுங்கோ. பொம்பிளையளுக்கு ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லுங்கோ. பூக்கண்டைப் பிறகு பாப்பம்."

படிவத்தில் அதற்கு இடம் இல்லை. விளிம்பில் எழுதினோம். பிறகு கணினியில் ஏற்றும்போது விளிம்புக்கு நிரல் இல்லை. கடைசி அறிக்கையில் 'பொதுமக்கள் பெரும் ஆதரவு தெரிவித்தனர்' என்று ஒரு வரி வந்தது. அதைத் தட்டச்சுச் செய்தது நாங்கள்தான். சான்றிதழ் வேணும், புள்ளி வேணும், வாய் மூடிக்கொண்டிருந்தோம். இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளிகள் நாங்களே. அதை ஒத்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கதைக்கிறோம்.

அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ரீயும் வடையும் வாங்கித் தந்தார்கள், "தம்பி, தங்கச்சி" எண்டு அன்பாகக் கதைத்தார்கள். சிக்கல் ஒழுங்குமுறையில் இருக்கிறது. பணம் ஆண்டின் பிற்பாதியில் வரும். டிசம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். ஆகவே வரைபடம் முதலில், ஒப்பந்தம் அடுத்தது, மக்கள் கடைசி. மக்களைக் கேட்டதற்குச் சாட்சி வேணும் என்றால், சம்பளம் இல்லாத கம்பஸ் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

செரி ஆன்ஸ்ரைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படியில் இருப்பது மக்களைக் கையாளுதல். நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் வரும். கேட்டதற்குப் பலன் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லாவிட்டால் அது வெறும் சடங்கு என்றார். மேல்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் கைமாறும். எங்கள் படிவம் அடிப்படியைத் தாண்டவில்லை.

சரி, கூட்டம் வைத்தார்கள்தானே என்பீர்கள். வைத்தார்கள். சனசமூக நிலையத்தில், வேலைநாள் காலை பத்து மணிக்கு. வந்தவர்கள் ஓய்வுபெற்ற ஐயாமார், சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர். தோட்டத்தில் நிற்கிறவர்கள் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரவில்லை. அந்தச் சனசமூக நிலையத்துப் படியைத் தங்களுடையதாக ஒருநாளும் நினைக்காத பக்கத்துக் குறிச்சிச் சனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கிற கேள்வியும் படிவத்தில் இல்லை.

இங்கேதான் பூங்கா என்பது சின்ன விசயம் இல்லை என்று நினைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் பொது இடம் எப்போதும் இருந்திருக்கிறது: மடம், சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல், கோயில் வீதி, குளக்கட்டு, வாசிகசாலை. பெருமையாகச் சொல்லுவோம். ஆனால் அவை எல்லாம் எல்லாருக்குமாக இருந்ததா? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சனம் போராடவேண்டி வந்த ஊர் இது. இன்றைக்கும் எந்தச் சந்தியில் யார் நின்று கதைக்கலாம், இருட்டினபிறகு எந்தப் பொம்பிளைப்பிள்ளை நிற்கலாம் என்று எழுதாத சட்டம் இருக்கிறது. பொதுப்பணத்தில் கட்டுகிற பூங்காவில் மட்டும்தான் 'நீ ஆர்? எந்தப் பகுதி?' என்று எவரும் கேட்க முடியாது. அந்த இடத்தையும் பழைய ஆட்களே பழைய மாதிரித் தீர்மானித்தால், இரும்புக் கேற் போட்ட இன்னொரு கோயில் வீதிதான் மிஞ்சும்.

தண்ணீரையும் பாருங்கள். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணியைத்தான் கிணற்றில் இறைத்துக் குடிக்கிறோம், அதே தண்ணியில்தான் வாழையும் வெங்காயமும் வைக்கிறோம். கோடையில் புல்தரைக்கும் நீரூற்றுக்கும் எந்தக் கிணற்றில் இறைப்பது? வேம்பும் மருதும் இலுப்பையும் புங்கையும் வைத்தால் காணும் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்லியிருப்பார். கேட்டிருக்க வேணும்.

இனி எங்களுக்கு வரும் பதில்கள். 'உங்களுக்குத் திட்டமிடல் தெரியாது, நீங்கள் பொறியியலாளர் இல்லை.' உண்மை. கான் எப்படி வெட்டுவது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் சனத்தோடு கதைக்க, எழுத, வராதவர்களைத் தேடிப் போக, கேட்டதைச் சிதைக்காமல் பதிய எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். கலைப்பீடம் அதுக்குத்தான். 'இதுக்கெல்லாம் காசில்லை.' 1996இல் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளூராட்சிகளிடம் கொடுத்து, கிராம சபைகளைக் கூட்டித் தேவையை முதலில் கேட்டது. அது பணக்கார மாநிலம் இல்லை. 'சின்னப் பிள்ளைகளால் என்ன வரையமுடியும்?' ஐநாவின் வாழ்விட அமைப்பு 2012இலிருந்து மைன்கிராஃப்ற் விளையாட்டைக் கொடுத்தே இளையோரைப் பொது இடங்களை வடிவமைக்க வைக்கிறது. நேபாளத்தின் கீர்த்திப்பூரிலும் செய்தார்கள்.

'ஒன்றுமில்லாததுக்கு இது பரவாயில்லைதானே?' இதுதான் கடைசிப் பதில், இதுதான் மோசமானது. ஒருமுறை பொய்யாகக் கேட்டுவிட்டால் அடுத்தமுறை உண்மையாகக் கேட்டாலும் சனம் கதவு திறக்காது. அந்த அக்காவின் கேள்வி அதுதான்.

ஆகவே எங்கள் கோரிக்கை நாலு.

ஒன்று: மதிப்பீடு போட முன்னம் எங்களை அனுப்புங்கள். போட்டு முடிந்தால் அனுப்பவேண்டாம்.

இரண்டு: பஸ் காசும் சாப்பாட்டுக் காசுமாவது தாருங்கள். மகாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5000இலிருந்து 7500 ரூபாயாகக் கூடியது. அந்தக் காசையும் ஒரு பொது அலுவலகத்தின் வேலைக்குச் செலவழிக்கச் சொல்வது பயிற்சி இல்லை. வீட்டில் வசதி உள்ள பிள்ளை மட்டும் செய்யக்கூடிய பயிற்சியாக அது போய்விடும்.

மூன்று: கேட்ட இடத்துக்கே திரும்பிப் போய், எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று வாசித்துக் காட்டவேண்டும். அது முடிந்தபிறகுதான் எங்களுக்குச் சான்றிதழ் தரவேண்டும்.

நாலு: 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்க இடம் தருகிறது. இப்போது சபை இருக்கிறது. பூங்கா பற்றிப் பேசும் குழுவில் ஒரு மாணவரையும் ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணையும் சேருங்கள். கூட்டத்தைப் பின்னேரம் ஆறு மணிக்கு வையுங்கள்.

துறைகளுக்கும் ஒரு சொல். இந்த நாலும் இல்லாத இடத்துக்கு எங்களை அனுப்பாதீர்கள். அனுப்பினால், மாணவர் எழுதும் அறிக்கையில் 'படிவத்தில் இடம் இல்லாதவை' என்று ஒரு அத்தியாயம் கட்டாயம் என்று விதி போடுங்கள்.

வாசிக்கிற நீங்கள் எந்த ஊர் என்றாலும் ஒன்று செய்யலாம். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊரில் பூங்கா கட்டினால் மதிப்பீட்டுத் திகதியையும் மக்கள் கூட்டத் திகதியையும் எழுத்தில் கேளுங்கள். எது முந்தினது என்று பார்த்தாலே மிச்சம் விளங்கும்.

நாங்கள் உரும்பிராயில் தொடங்குகிறோம். எங்கள் ஊரில் பூங்கா பற்றி யாரும் இன்னும் எங்களைக் கேட்கவில்லை. கேட்க முதலே வீடு வீடாகப் போகிறோம். இந்த முறை படிவம் இல்லை, வெறும் கொப்பிதான். பதிந்ததைச் சபையிடம் கொடுப்போம். ஒரு மாதத்துக்குள் பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதே வீடுகளுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுவோம். 2024இல் விளிம்பில் எழுதி விட்டுவிட்டு வந்த அந்த அக்காவிடமும் போகவேணும். மன்னிப்புக் கேட்கத்தான்.